நம்ம பையன்

சூலூர்ப் பக்கம் தறிக்குடோனில் எந்த வேலைக்கும் ஒரு கணக்கு உண்டு. நெய்கிறவருக்கு மீட்டர்க் கணக்கு. பாவு பிணைக்க வருகிறவருக்குப் பாவுக்கு இவ்வளவு. தார் சுற்றுகிற அக்காவுக்கும் பேசிவைத்த கூலி. கணக்கில் வராத ஒரே ஆள் எடுபிடி.

முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள், கொங்கு மரியாதை. "நம்ம பையன்" என்பார்கள். பையனுக்குப் போன ஆடியில் 46 முடிந்தது.

கோன் மூட்டை இறக்க, காடாத் துணியை டெம்போவில் ஏற்ற, கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசுக்கு ஓட, முதலாளியின் மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து வாங்க. இதில் எதுவும் வேலை கிடையாது. "ஏஞ்சாமி, போற போக்குல கலங்கல் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றயா கண்ணு?" அவர் எந்தப் போக்கிலும் போகவில்லை, திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் சாமியும் கண்ணும் ஒரே மூச்சில் வந்து விழுந்தபின் எழுந்திருக்காமல் எப்படி? கோயமுத்தூர்ப் பேச்சின் இனிமையைப் புகழ்கிறவர்கள் அதன் சிக்கனத்தையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் நின்றன. தறிச் சத்தம் அடங்கியதில், விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸின் உறுமல்தான் ஊருக்குத் துணை. எல்லோருக்கும் ஓய்வு, நம்ம பையனுக்கு மட்டும் இரட்டை ஷிஃப்ட். கூட்டத்துக்கு நாற்காலி போட வேண்டும், மைக்செட்டுக்குச் சொல்ல வேண்டும், தண்ணீர் கேன் தூக்க வேண்டும். உயர்த்தச் சொன்னது முதலாளியின் கூலியைத்தான். அவரும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் பாவு நூலை வாங்கி மீட்டர்க் கூலிக்கு நெய்து தருகிறவர். உற்பத்தியாளர் முன்னால் அவர் "செரிங்க, செரிங்க" என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கார் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணங்களில் நம்ம பையன் இன்னும் பிரசித்தம். வாழையிலைக் கட்டு வந்துசேரவில்லையா, அய்யருக்குத் தேங்காய் குறைகிறதா, மாப்பிள்ளையின் செருப்பைக் காணோமா, எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான். குரூப் போட்டோவுக்கும் மறக்காமல் கூப்பிடுவார்கள். போய் நின்றால், போட்டோகிராபரின் வெள்ளைக் குடையைக் கையில் கொடுத்து ஓரமாகப் பிடிக்கச் சொல்வார்கள். சூலூரில் பாதி வீட்டு ஆல்பங்களில் விழும் வெளிச்சம் அவர் உபயம்.

போன வருஷம் குடோனுக்கு வடக்கேயிருந்து ஒரு பையன் வந்தான். நிஜமாகவே பையன், இருபது வயசு இருக்கும். தமிழில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். முதலாளி தூக்குப்போசியை நீட்டி, "கண்ணு, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்துர்றயா?" என்றார். அவன் தறியை நிறுத்தாமல், "எவ்ளோ குடுப்பீங்க?" என்று கேட்டான்.

முதலாளிக்குக்கூடச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம பையனுக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டீ வாங்கறதுக்கெல்லாம் காசு கேக்கறான் பாருங்க, மொற தெரியாதவன்!" என்று போசியைப் பிடுங்கிக்கொண்டு அவரே கிளம்பினார்.