ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஐந்து சென்ட்

பாதிச் சம்பளத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் மூச்சு விடும் குடும்பஸ்தர்களே, கடலூர் மாவட்டத்துக்கு வாருங்கள். பிள்ளைகுட்டிகளோடு, கையைக் கடிக்காத செலவில், ஒரு நகரத்தில் நிம்மதியாகக் குடியிருப்பது எப்படி என்ற கேள்விக்கு இங்கே எப்போதோ விடை கண்டுபிடித்துக் கட்டியும் முடித்துவிட்டார்கள். பெயர் நெய்வேலி டவுன்ஷிப்.

வட்டம் வட்டமாகப் பிரித்த ஊர். முகவரி எழுதும்போதே வட்டத்தின் எண்ணையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், குவார்ட்டர்ஸ் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. ஊரைக் கட்டிய என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் பெரிய ஆஸ்பத்திரி, பாரதி ஸ்டேடியம், புத்தகக் கண்காட்சி. வாடகை என்று சம்பளத்தில் பிடிப்பதைச் சென்னை வீட்டுக்காரர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சிறு பெண் குழந்தை தெருவில் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் பழகலாம். அம்மா வாசலில் நின்று பதற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதில் கிண்டல் இல்லை. அரசாங்கம் மனது வைத்தால் நடுத்தரக் குடும்பம் மானத்தோடு வாழ ஒரு நகரத்தைக் கட்ட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குடியேறுவதற்கு ஒரே ஒரு சின்ன நிபந்தனை. நீங்கள் இந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருந்தவராக இருக்கக் கூடாது.

ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அவர் நிலத்தையே கொடுத்தார், காமராஜர் விடாமல் டெல்லியை நச்சரித்தார், 1956-ல் நிறுவனம் பிறந்தது. இந்தக் கதை எங்கள் பகுதிக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். கொடுத்தவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் கொடுத்தவர்கள், கொடுக்க வைக்கப்பட்டவர்கள், பட்டாவில் மட்டும் இருந்து பிறகு பட்டாவிலும் இல்லாமல் போனார்கள். எந்த ஊரின் மேல் எந்த வட்டம் நிற்கிறது, எந்த ஊர் எந்தக் குழிக்குள் போனது என்று கேட்டால் வயதானவர்கள் மண்மேட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். மண்மேடு என்றால் வரப்பு உயரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மலை. எங்கள் மாவட்டத்துக்கு மலை இல்லையே என்ற குறையையும் நிறுவனமே தீர்த்து வைத்தது.

இப்போது சுரங்கம் கம்மாபுரம் பக்கம் கரிவெட்டி, கத்தாழை என்று ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. வெறுங்கையோடு அல்ல. வீட்டைக் கொடுத்தால் மாற்றுக் குடியிருப்பில் 2,178 சதுர அடி மனை, அதில் ஆயிரம் சதுர அடியில் வீடு என்கிறது 2022-ல் அறிவித்த மறுகுடியமர்வுக் கொள்கை. 2,178 சதுர அடி என்றால் சரியாக ஐந்து சென்ட். சாலை உண்டு, தெருவிளக்கு உண்டு, குடிநீர் உண்டு. படித்துப் பார்த்தால் சென்னைப் புறநகர் பில்டர் அச்சடித்த நோட்டீஸ் போலவே இருக்கும். தங்கக் காசும் மதியச் சாப்பாடும்தான் குறைச்சல்.

ஐந்து சென்ட் என்பது எங்கள் ஊர்களில் வைக்கோல் போருக்கும் எருக்குழிக்கும் விடுகிற இடம். தாத்தா, சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் ஒரே கொல்லையைச் சுற்றி வீடு கட்டி, இந்த வீட்டு அடுப்பு நெருப்பை அந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாழ்ந்ததைத்தான் நாங்கள் குடும்பச் சூழல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாமரத்தனம். பெரியம்மாவுக்கு ஒரு மனை எண், சித்தப்பாவுக்கு இன்னொரு மனை எண், தாத்தாவுக்கு ஒன்றுமில்லை என்று பிரித்து வைத்தால்தான் அது நகரம். மாடு கட்ட எங்கே இடம் என்று கேட்டு அதிகாரிகளைச் சங்கடப்படுத்தாதீர்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அழகழகான பொம்மைகள் செய்கிறார்கள். ஒரு மாடு வாங்கி ஷோகேஸில் வையுங்கள். தீனி கேட்காது.

சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த பெண்ணுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அடுத்த கூட்டத்தில் பேசலாம். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். நெய்வேலி மண்ணுக்கடியில் இருப்பது ஊற்றழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கி. துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்ட நிலம் இது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் நிலக்கரியைத் தொட முடியாது என்பதால் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றுப்பட்டு விவசாயியின் போர், தண்ணீரைத் தேடி வருடத்துக்கு வருடம் கீழே கீழே போகிறது. மழைக்காலத்தில் இந்தக் குறையும் தீர்ந்துவிடும். மண்மேட்டுச் சேறும் சுரங்க நீரும் கேட்காமலே வயலுக்குள் வந்து நிற்கும்.

தரம் எப்படி என்கிறீர்களா? பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற அமைப்பும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சுரங்கத்தை ஒட்டிய வடக்குவெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் 250 மடங்கு இருந்ததாகச் சொன்னார்கள். செய்தியைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. தீர்ப்பாயத்துக்குச் சொரணை வந்த அளவுக்கு எங்கள் பிரதிநிதிகளுக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

அதே 2023. ஜூலை 26. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காகப் பொக்லைன்கள் இறங்கின. எங்கே இறங்கின என்றால் பச்சை நெற்பயிருக்குள். நிலம் எடுத்துப் பல வருடமாகிறது, பயிர் வைத்தது உங்கள் தப்பு என்பது நிறுவனத்தின் வாதம். வருடக்கணக்காகச் சும்மா கிடந்த நிலத்துக்கு, கதிர் முற்றுவதற்குள் அப்படி என்ன அவசரம்? பயிரைப் புரட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் வந்ததாகச் சொன்னவர் எங்கள் ஊர்க் கிழவி அல்ல, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. அறுவடை வரைக்கும் இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்றும் கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். நெல்லை மிதித்தவனுக்குச் சோறு இறங்குமா என்று கேட்க நீதிமன்றத்தில் இடமில்லை. அதை நாங்கள் கேட்கிறோம். எப்படி ஐயா இறங்கியது?

இரண்டு நாள் கழித்து நெய்வேலியின் நுழைவாயிலான ஆர்ச் கேட் முன்னால் பாமக முற்றுகை, கட்சித் தலைவர் அன்புமணி கைது, கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை. எல்லாக் கட்சியும் அறிக்கை விட்டது. வேளாண் துறை அப்போது குறிஞ்சிப்பாடி எம்.எல்.ஏ. எம்.ஆர்.கே. பன்னீர்செல்வத்திடம் இருந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர். நில எடுப்புக்கான பேச்சுவார்த்தை மேசையில் அவரும் இருந்தார். வயலைக் காப்பாற்ற ஒரு அமைச்சர், வயலைக் கேட்கவும் அதே அமைச்சர். சிக்கன நிர்வாகம் என்றால் இதுதான்.

நிலம் கொடுத்தால் வேலை உண்டே என்பார்கள். உண்டு. கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டே தலை நரைத்தவர்கள் மந்தாரக்குப்பம் டீக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022-ல் பட்டதாரிப் பொறியாளர் பயிற்சிக்கு 299 பேரைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது என்று தலைவர்கள் கொந்தளித்தார்கள். வருகிற பொறியாளர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்களும் வீடு விட்டு வந்த பிள்ளைகள்தான். ஆனால் அவர்களுக்கு வட்டத்தில் குவார்ட்டர்ஸ், எங்களுக்குக் கேட்டுக்கு வெளியே ஐந்து சென்ட். இங்கே தோண்டி எடுக்கிற மின்சாரம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் வரை போகிறது. போகட்டும். எங்கள் பிள்ளைகள் ஆர்ச் கேட் வரைக்குமாவது போகக் கூடாதா?

கடைசியாக ஒரு சட்டத்தைப் பற்றி. காவிரி டெல்டாவைக் காப்பாற்ற 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம் வந்தது. கடலூர் மாவட்டத்திலிருந்து காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. கம்மாபுரம் இல்லை. ஒரு ஒன்றிய எல்லையைத் தாண்டியதும் நெல் நெல்லாக இருப்பதை நிறுத்திவிடுகிறது போலும். எங்கள் வயலில் விளைவது நிலக்கரிக்கு மேல் முளைத்த களை என்று சட்டம் எழுதியவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். சட்டத்துக்கு முன்பே நடக்கும் திட்டங்களை அது தொடாது என்ற பூட்டும் உள்ளேயே இருக்கிறது.

திருத்த முடியாத சட்டம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 அக்டோபரில் சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்து மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்த்தார்கள். அதே கையால் கம்மாபுரத்தைச் சேர்க்கலாம். எடுத்த நிலத்துக்கு நிரந்தர வேலை என்று எழுத்தில் தரலாம். டவுன்ஷிப்பில் பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்களை, மண்ணைக் கொடுத்த குடும்பங்களுக்குத் திறந்துவிடலாம். இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாதவர்கள் அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது, வடக்குவெள்ளூரிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறோம். எங்கள் கண் முன்னாலேயே குடித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.