சட்டையைக் கழட்டச் சொன்ன பேராண்டிக்கு

வாடா அப்பு, உக்காரு. இருக்குற வேலைய விட்டுட்டு, ஊர் ஊராப் போயி சனங்களோட மூஞ்சியப் படம் பிடிக்கப் போறியாமே? உங்காத்தா வந்து பொலம்பிட்டுப் போறா. அதுக்கு ஒரு கேமராவாம், காட்டை அடமானம் வைக்கணுமாம். ஏன்டா, லென்சு பெருசா இருந்தா எங்க மூஞ்சி திருந்திருமா?

குளத்தூர்ல கெடந்துக்கிட்டு நான் பாக்காத படக்காரனா? தை பொறந்தா வாடிவாசல், பங்குனியில நார்த்தாமலைத் திருவிழா. ஒடம்பெல்லாம் பாக்கெட்டு வெச்ச சட்டையோட வந்து எறங்கிருவாக. என்னையக் கண்டா ஒரே கும்மாளம். "தாத்தா, சட்டையக் கழட்டுங்க. துண்டைத் தலையில கட்டுங்க. சிரிக்காதீங்க." பல்லு இருக்குறது தெரிஞ்சா பரிசு கெடைக்காதோ? சுருக்கத்தை எண்ணி எண்ணி எடுத்தானே, ஒருத்தனாச்சும் எம்பேரக் கேட்டானா? எடுத்த படத்துல ஒண்ணாச்சும் வீடு வந்து சேந்துச்சா?

1858லயே லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் நம்ம புதுக்கோட்டைச் சீமையைப் படம் பிடிச்சிருக்கான். மெழுகு ஏத்துன காகிதத்துலதான் நெகட்டிவ். வெளிச்சம் ஏற நேரமாகும், ஆளு அசைஞ்சா படம் கலங்கிரும். திருமயம் கோட்டைய எடுத்தான், கல்லு ஆடாதுல்ல? அவனுக்காவது காரணம் இருந்துச்சு. இந்தக் காலத்துப் பொட்டி கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பிடிச்சிருதே, நீ எதுக்குடா என்னையக் கல்லாட்டம் நிக்கச் சொல்றே?

வாத்தியார் மகன் செல்லுல ஒரு படம் காட்டுனான். ஜெர்மனிக்காரர் ஆகஸ்ட் சாண்டர் 1914ல எடுத்தது. ஆட்டம் போடப் போற மூணு குடியானவப் பயலுக. கோட்டு, தொப்பி, கையில தடி, என்ன மிடுக்குங்கிறே! மண்ணுல பொரட்டி எடுக்கல அந்த மனுசன். அவங்க எப்படி நிக்க நெனச்சாகளோ அப்படியே நிக்க விட்டுட்டாரு.

அவ்வளவு தூரம் எதுக்கு? மதுரைப் பக்கம் பழனிக்குமார்னு ஒரு புள்ள. ஆத்தா மீன் விக்கிறவுக. கடன்பட்டுத்தான் கேமராவே வந்துச்சு. அது எங்க போச்சு? தாஜ்மகாலுக்கா? ஆத்தா சரக்கு எடுக்குற கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போச்சு. பெறகு 2017ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடிச்சாரு. மலக்குழியில எறங்கிச் செத்தவுக வீட்டுத் திண்ணையில போய் நின்னாரு. ராமநாதபுரம் கடல்ல முங்கிப் பாசி எடுக்குற பொம்பளைகளப் படம் பிடிச்சாரு. 2022ல தயானிதா சிங்குங்கிற படக்கார அம்மா பேருல ஒரு விருது, பாரிங்கிற கிராமத்துச் செய்தி இணையதளத்தோட சேந்து கொடுத்தது, அதை வாங்குன மொத ஆளு இவருதான். தூய்மைப் பணியாளர் வீட்டுப் புள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லித் தர்றாரு. நீ கத்துக்கிட்டதை எவன்ட்டயாச்சும் சொல்லுவியா? பூட்டித்தான் வைப்பே.

சோத்துக்கு என்ன பண்ணுவேங்கிறியா? கல்யாணத்துக்கு எடு, காதுகுத்துக்கு எடு, கை நீட்டிக் காசு வாங்கு. மொய் விருந்துல படம் பிடிக்கக் கலைஞனுக்கு வெக்கம் என்ன வெக்கம்? பழைய கேமரா ஒண்ணு பாரு, காடு கெடக்கட்டும். யாரை எடுத்தியோ அவுகளுக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கையில குடு. மறுக்கா போகையில நாய்கூடக் குலைக்காது.

எங்க, இப்பவே செல்லைத் தூக்கிட்டியா? வையிடா கீழ! வெள்ளைச் சட்டை பொட்டி போடப் போயிருக்கு, நாளைக்கு வெயில் ஏறு முன்ன வா. கலர்லயே எடு. ரெண்டு காப்பி போடு. ஒண்ணு உங்க அப்பத்தாளுக்கு. நான் மாப்பிள்ளையா நின்னது மறந்துபோச்சுங்கிறா கெழவி.