மீட்பு டிரைவின் திணை: ஓர் ஆய்வு

லேப்டாப் படுத்துவிட்டால் எழுப்புவதற்காக, அது நன்றாக இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டிய பென்டிரைவுக்கு மீட்பு டிரைவ் என்று பெயர். இதன் செய்முறையை எழுதியவர் பலர். இதன் திணை எது என்று வினவியவர் எவரும் இலர். அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம் சிட்னியும் மெல்போர்னும். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். அவர்களும் அதையே விரும்புவர்.

செருகுதல் நிகழ்வதால் இது குறிஞ்சி என்பாரும் உளர். அவர் கூற்று குடும்பப் பத்திரிகையில் ஆராயத்தக்கதன்று. பச்சைக் கோடு நகரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பதால் முல்லை என்பது சற்று வலுவுள்ள வாதம். ஆயினும் காத்திருப்பவர் பாதியில் எழுந்து டீ போடப் போய்விடுவதால், 'இருத்தல்' முழுமை பெறவில்லை. எஞ்சிய சான்றுகள் அனைத்தும் நெய்தலையே சுட்டுகின்றன.

முதற்பொருளில் பொழுதை முதலில் நோக்குவோம். இப்படியொரு குச்சிக்கு உலகெங்கும் தேவை எழுந்த நாள் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு, சிட்னி நேரம் பிற்பகல் 2.09-க்கு உலகெங்கும் இறங்கத் தொடங்கியது. 21 புலங்கள் இருக்க வேண்டிய இடத்தில் 20 மட்டுமே தரப்பட்டிருந்தன. இல்லாத இருபத்தொன்றாவதை அந்நிறுவனத்தின் மென்பொருள் தேடிப் போக, விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி மயங்கி விழுந்தது. நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு, லண்டனில் அதிகாலை. வேலை நேரத்தில் விழித்திருந்து அடி வாங்கிய நாடுகளில் ஆஸ்திரேலியா முன்வரிசையில் நின்றது. கோல்ஸ், வூல்வொர்த்ஸ் கடைகளில் பில் போடும் எந்திரங்கள் நின்றன. சிட்னி, மெல்போர்ன் விமான நிலையங்களில் வரிசை வாசல்வரை வந்தது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்தது தானாக எழவில்லை.

பிற்பகல் 2 முதல் 6 வரை எற்பாடு. எற்பாடு நெய்தலுக்கு உரிய சிறுபொழுது. கோப்பு பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் நண்பகலில் விழுந்து பாலையாகியிருக்கும்; இந்த ஆய்வும் அத்துடன் கவிழ்ந்திருக்கும். பெரும்பொழுதிலும் இடர் இல்லை. ஜூலை அங்கே குளிர்காலமாயிற்றே என்று தடை எழுப்புவோர்க்கு, நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்பதே விடை. கருப்பொருளில் சுறா ஒன்றே போதும். சிட்னிக் கடற்கரைகளில் 1937 முதல் வலை கட்டுகிறார்கள்.

உரிப்பொருள் இரங்கல். இதற்குச் சான்று அன்று மாலையே குவிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விழுந்தவை 85 லட்சம் கணினிகள். செய்ய வேண்டியதென்னவோ எளிது: சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழித்தால் போதும். ஆனால் கணினி எழுந்தால்தானே இணையம் வழியே அதைத் தொட முடியும்? ஆகவே மறுநாள் மைக்ரோசாஃப்ட் ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. அதைப் பென்டிரைவில் ஏற்றி, தீபாராதனைத் தட்டைப் போல ஒவ்வொரு எந்திரத்தின் முன்னும் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. உலகமே மேகக் கணிமைக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் முழங்கியவர்கள், விரல் நீளக் குச்சியோடு மேசைக்கு அடியில் குனிந்து கிடந்தார்கள். பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் பூட்டுப் போட்ட கணினிகள் 48 இலக்கச் சாவியையும் கேட்டன. அந்தச் சாவிகளைச் சேமித்த சர்வரே நீலத்தில் மூழ்கிக் கிடந்த அலுவலகங்களும் உண்டு. நெய்தலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நிறுவனங்களுக்காவது ஆட்கள் உண்டு. வீடுகளின் நிலை வேறு. 16 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்றைச் செருகி, தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தட்டி, சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டால் மீதியை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். குச்சியில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துபோகும் என்ற எச்சரிக்கையும் திரையில் வரும். அதைப் படித்த தமிழரைக் களஆய்வில் காண இயலவில்லை. சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதியைச் சேர்ந்த தகவலாளர் ஒருவர், யாழ்ப்பாணத்து அம்மா, இதைப் பின்வருமாறு பதிவு செய்தார்: "தம்பி, பிள்ளையின்ர அரங்கேற்றப் படமெல்லாம் அதுக்குள்ளதான் கிடந்தது. இவர் லப்டொப்பைக் காப்பாத்திறன் எண்டு சொல்லிப்போட்டு முழுக்கத் துடைச்சுப்போட்டார்." இதைத் தொடர்ந்த மூன்று நாள் மௌனத்தை மருதத்தின் ஊடல் எனக் கொண்டு, 'நெய்தலுள் மருதம்' எனத் திணைமயக்கமாகக் காட்டலாம்.

இன்னொரு மயக்கமும் பரவலாக உள்ளது. மீட்பு டிரைவ் விண்டோஸைத் திரும்பக் கொண்டுவருமே ஒழியப் படங்களையும் வரிக்கணக்குகளையும் கொண்டுவராது. அவற்றுக்குத் தனியாக நகல் எடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை டிரைவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் மைக்ரோசாஃப்ட் வாக்கு. இதைச் செய்தவர் எவரும் தகவலாளராக முன்வரவில்லை.

குச்சியிலிருந்து கணினியை எழுப்ப எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதில் பாடபேதம் உண்டு. டெல்லும் லெனோவோவும் எஃப்12 என்று பாடம் கொள்வர். எச்.பி. மரபினர் எஸ்கேப் என்பர். சின்னம் திரையில் மின்னும் சில நொடிகளுக்குள் அழுத்த வேண்டும் என்பதில் மட்டும் அனைவரும் உடன்படுவர். நச்சினார்க்கினியர் இல்லாத குறையை நம்மவர் எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறிக் குத்தித் தீர்த்துக்கொள்கின்றனர். பத்தில் இரண்டு முறை இது பலிக்கிறது; ஆய்வாளன் வகுத்த விகிதம் இது, மறுப்போர் குத்திப் பார்க்கலாம்.

ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் இரு திணைகளையும் சொல்லிவிடுவது முறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும், 11-க்கு ஏறத் தகுதியற்ற லேப்டாப்புகள் பல மின்கழிவுக்குப் போயின. அவற்றுக்கெனச் செய்த குச்சிகள் மட்டும் வீட்டு இழுப்பறைகளில் கிடக்கின்றன. இது கைக்கிளை. அண்ணனின் டெல்லில் செய்த குச்சியைத் தம்பியின் லெனோவோவில் செருகிப் பார்ப்பது பெருந்திணை. பழுதுபார்க்கும் கருவிகள் சிலவேளை எழுந்து வரும். முழு விண்டோஸையும் அதிலிருந்து நிறுவப் போனால் இரண்டு வீட்டிலும் பேச்சு நின்றுவிடும்.