எழும்ப வசதியான சோபா

சோபா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உட்காருவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? சாக்கு மூட்டையில் உட்காரலாம், கவிழ்த்த உரலில் உட்காரலாம், கூட்டமான அவிசாவளை பஸ்ஸில் என்ஜின் மூடிமேலும் உட்காரலாம். ஓர் ஆசனத்தின் குணம் எழும்பும்போதுதான் வெளியே வரும். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன்: சோபாவை எழும்பிப் பார்த்து வாங்குங்கள்.

இந்த ஞானத்தை எனக்குத் தந்தவை அம்மாவின் முழங்கால்கள். அம்மா பால் வெட்டியவர். இறப்பர் மரத்தில் வெட்டு தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று போகும். வருஷம் போகப் போக வெட்டுக் கோடு கீழே கீழே இறங்கும். இளமரத்தில் நிமிர்ந்து நின்று வெட்டியவள், சில வருஷத்தில் அதே மரத்தில் குனிந்து வெட்டுவாள், அப்புறம் குந்தி வெட்டுவாள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மரம். அதாவது சரிவான மலையில், வெயில் ஏறுமுன், 300 தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னால் போட்டிருந்தால் ஏதாவது வரமாவது கிடைத்திருக்கும். அம்மாவுக்குக் கிடைத்தது முழங்கால் வலி.

"இனிமேல் நிலத்தில் குந்தக் கூடாது அம்மா, உயரமான கதிரையில்தான் இருக்க வேணும்" என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். அம்மா வெளியே வந்து, "ரிட்டயர் ஆனப்புறம் என்னயத் தொரையாக்கிட்டாருடா" என்றார்.

வீட்டில் கதிரை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிளாஸ்டிக் கதிரை என்பது பொதுச்சொத்து. கல்யாணம், சாவு, கோயில் கூட்டம் என்று எதற்கும் இரவல் போகும். நீலமாகப் போனது பச்சையாகத் திரும்பி வரும். தவிர அதன் கைப்பிடியை ஊன்றி எழும்பினால் கைப்பிடி வெளிப்பக்கம் வளைகிறது, அம்மா உள்பக்கம் சாய்கிறார். இந்த இடத்தில்தான் மனைவி நுழைந்தாள். "வாங்குறதுதான் வாங்குறீங்க, நல்ல குஷன் சோபாவா வாங்கிருங்க. வீட்டுக்கு ஆள் வந்தாலும் ஆச்சு, அத்தைக்கும் ஆச்சு." டீவி நாடகத்தில் எல்லோரும் சோபாவில் இருந்துதான் அழுகிறார்கள் என்பது அவளுக்கு நெடுநாள் குறை.

முதலில் இடத்தை அளந்தேன். வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா என்றால் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இஸ்தோப்பை அடைத்து, நடுச்சுவரை உடைத்து, 'ஹோல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கடையில் 'த்ரீ-வன்-வன்' என்று விற்கும் செட்டில் பெரிய சோபா 7 அடிக்கு 3 அடி, தனிச் சோபா இரண்டும் 3 அடிக்கு 3 அடி. கூட்டினால் 39 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் மூன்றிலொரு பங்கைச் சோபாவுக்கு உறுதி எழுதிக் கொடுத்தாயிற்று. நடுவே கண்ணாடி போட்ட டீப்போ ஒன்றையும் வைத்துவிட்டால், வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று சோபாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மலையகத்தில் இப்போது கட்டிக் கொடுக்கும் தனி வீடுகள் 550 சதுர அடி. அங்கே குடிபோன சொந்தக்காரர் ஒருவர் முழு செட்டும் வாங்கி, ஹோலில் இரண்டைப் போட்டு, மிச்ச ஒன்றைச் சமையலறையில் வைத்திருக்கிறார். அதில் அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. மூட்டைக்கு எழும்பும் கவலை கிடையாது.

எங்களுக்குப் பெரிய சோபா ஒன்று மட்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் ஆட்களுக்கு உட்காரத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பழக்கம்தான் குறைவு. விடியற்காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பது, மரத்தடியில் நிற்பது, பால் அளக்க நிற்பது, சம்பளத்துக்கு நிற்பது. எங்கேயாவது ஓரமாக இருந்தவர்களும் தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பது. உட்காருவதற்கென்றே செய்த கதிரை தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பங்களா இஸ்தோப்பில் இருந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், பின்னால் சரிந்த முதுகு. கைப்பிடிக்கு அடியில் நீளமாக இரண்டு பலகை. அவற்றை முன்னால் திருப்பிவிட்டுத் தொரை சப்பாத்துக் கால்கள் இரண்டையும் தூக்கிப் போட்டுக்கொள்வார். அந்த நிலையிலிருந்து மனிதன் எழும்புவது கஷ்டம். ஆனால் அவர் ஏன் எழும்ப வேண்டும்? விஸ்கியை அப்பு கொண்டுவருவான், கணக்கைக் கணக்கப்பிள்ளை கொண்டுவருவார். இருக்கிறவன் எழும்பவே தேவையில்லை என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கதிரை அது. 1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களை எடுத்தபோது வெள்ளைக்காரக் கம்பனிகள் எழும்பத்தான் வேண்டியிருந்தது. 1992இல் வேறு கம்பனிகள் வந்து உட்கார்ந்தன. இப்போது பழைய பங்களாக்கள் பல, சுற்றுலா விடுதிகள். வெளிநாட்டுக்காரர்கள் டொலர் கொடுத்து அந்தக் கதிரையில் கால் நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எழும்பும்போது யாரும் படம் எடுப்பதில்லை.

டவுன் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். விற்பனைப் பையன் எங்களை நேரே ஓர் எல் வடிவச் சோபாவிடம் கொண்டுபோனான். சாம்பல் நிறம், தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. "இருந்து பாருங்க அம்மா, அப்படியே உள்ள போவீங்க" என்றான். உள்ளேதான் போனார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. மனைவி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வெளியே வந்ததும் அம்மா, தோட்டத்து வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டு, "இதுலருந்து ஆள எந்திரிக்க வைக்க ரெண்டு பேருக்குச் செக்ரோல்ல பேரு போடணும்" என்றார்.

இதில் விஞ்ஞானம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் இடுப்பைவிட உயரப் போய்விட்டால், எழும்புவதற்கு உடம்பு முழுவதையும் முன்னால் எறிய வேண்டும். முழங்கால் வலிக்காரர் எறியமாட்டார். பொறுமையாக உள்ளேயே இருந்துவிடுவார். ஆகவே சோபாவின் இருக்கை, ஆள் இருந்து அமுங்கிய பிறகும், 17, 18 அங்குல உயரம் இருக்க வேண்டும். ஆழம் 20 அங்குலம் போதும். அதற்கு மேலே போனால், குள்ளமானவர்கள் முதுகைச் சாய்த்தவுடன் கால் அந்தரத்தில் தொங்கும். கைப்பிடி இருக்கையின் முன்விளிம்புவரை வர வேண்டும், பிடித்தால் அசையக் கூடாது. முக்கியமாக, சோபாவுக்கு அடியில் வெற்றிடம் வேண்டும். எழும்புகிற மனிதன் முதலில் பாதத்தைப் பின்னுக்கு இழுக்கிறான். தரைவரை பலகை அடித்த சோபாவில் குதிகால் முட்டி நிற்கும். இதையெல்லாம் நான் அளவு நாடாவோடு அந்தப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, மனைவி என் காதருகே வந்து, "ஏங்க, சோபா பாக்க வந்தீங்களா, மூட்டு வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

அவளுடைய கண் செஸ்டர்பீல்ட் மேல் இருந்தது. முதுகும் கைப்பிடியும் ஒரே உயரத்தில் சுருண்டு, உடம்பெல்லாம் பட்டன் வைத்துக் குழி விழுந்த அந்த ஆங்கிலச் சோபா. 18ஆம் நூற்றாண்டில் செஸ்டர்பீல்ட் பிரபு, கோட்டுச் சூட்டு கசங்காமல் நிமிர்ந்து இருக்க அதைச் செய்யச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு; ஆதாரம்தான் கிடையாது. கதை பொய்யானாலும் சோபா மோசமில்லை. இருக்கை உயரம், முதுகு நிமிர்வு, எல்லாம் எழும்புகிறவர்களுக்குச் சாதகம். குறை அந்தப் பட்டன் குழிகள். பாண் தூள் ஒரு குழியில், வெற்றிலைக் காம்பு ஒரு குழியில், பிள்ளைகளின் பென்சில் துண்டு இன்னொன்றில் என்று ஆறு மாதத்தில் அது குடும்பத்தின் ஆவணக் காப்பகமாகிவிடும். சுருண்ட கைப்பிடியையும் குட்டைக் கால்களையும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பட்டனை விட்டுவிட்டுச் செய்யச் சொல்லலாம் என்று சமாதானம் ஆனோம்.

இந்தப் பக்கத்தில் அதற்கு ஆள் உண்டு. த்ரீவீலர் சீட்டும் பஸ் சீட்டும் தைக்கிற குஷன் பாஸ்மார் சோபாவும் செய்வார்கள். நாங்கள் போன பாஸ் சிங்களவர்; சந்தைத் தமிழில் நன்றாகவே பேசுவார். ஒன்றரை இலட்சம் என்றார். அம்மாவுக்கு ரூபாய்க் கணக்குப் பிடிபடாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர், அதுதான் அவருடைய நாணயம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 111 பேர். "நூத்திப்பதினோரு பேரா! மழ நாள் கழிச்சா அரை வருஷம் வெட்டணும். அரை வருஷம் நின்னு வேலை செஞ்சு, ஒரு சாமான்ல ஒக்காரணுமா?" என்றார். பாஸ் சிரித்து, பத்தாயிரம் குறைத்தார். அம்மா உடனே, "ஏழு பேர் கொறஞ்சிருச்சு" என்று என்னிடம் சொன்னார். கால்குலேட்டர் எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சட்டம் இறப்பர் மரத்தில். 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகுக்குத்தான் போடுவார்கள். இப்போது உளுக்காமல் இருக்க போரிக் மருந்தேற்றித் தளபாடம் செய்கிறார்கள். அம்மா பலகையைத் தட்டிப் பார்த்து, "இதுவும் ரிட்டயர் ஆனதுதானா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சோபாமேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

ஸ்பொஞ்ச் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இறப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே முளைத்த கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்து, அங்கிருந்து பரவித்தான் கேகாலையும் இரத்தினபுரியும் இறப்பர் நாடாயின. 1929இல் டன்லப் கம்பனியின் ஈ.ஏ. மர்பி, கேக் மா அடிக்கும் கருவியில் இறப்பர் பாலை நுரைக்க அடித்து மெத்தை செய்தார் என்பார்கள். நியாயப்படி உலகத்தின் மெத்தென்ற இருக்கை எல்லாம் எங்கள் மலையிலிருந்து போயிருக்க வேண்டும். ஆனால் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் பொலியூரத்தேனைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த மலிவு நுரைதான் இன்றைக்கு அநேகமாக எல்லாச் சோபாவிலும் இருக்கிறது. இறப்பர் பால் மெத்தை கேட்டேன். பாஸ் விலை சொன்னார். மறுபடி நுரைக்கே வந்துவிட்டேன். ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய அம்மாவுக்குப் பெட்ரோலிய ஸ்பொஞ்ச்! அடியில் இழுத்துக் கட்டிய பட்டி மட்டும் பழைய டயர் டியூபைக் கீறியது. அவ்வளவுக்காவது இறப்பர் இருந்தது.

ஒரு விஷயம் பாஸ் சொல்லிக் கொடுத்தார். '32 டென்சிட்டி' என்றால் ஒரு கனமீட்டர் நுரை 32 கிலோ நிறை என்று அர்த்தம். எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத்தான் அது சொல்லும். மெத்தென்று இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்பது வேறு சங்கதி. கெட்டியானதைத் தேர்ந்தெடுத்தோம்.

துணிக்கு வந்தோம். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை; எங்கள் மலைகளும் அதற்கு இளைத்தவை இல்லை. வெல்வெட் வாங்கினால் ஜூன் மாதத்தில் அதன்மேல் பூஞ்சணம் இரண்டாவது வெல்வெட் விரிக்கும். தோல் மாதிரி இருக்கும் பீ.யூ. துணி ஈரக்காற்றில் உதிர்ந்து, எழும்புகிறவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகும். கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறைதான் சரி. நிறம்? மனைவி இளம் பழுப்பு என்றாள். மலையிலிருந்து இறங்கி வருகிற யாருடைய காலிலாவது அட்டை இருக்கும். இரத்தம் குடித்து உருண்ட அட்டை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அடர்ந்த மெரூன் தெரிவாயிற்று. வெற்றிலைக்கும் அது தோது.

மச்சானின் லொறியில் சோபா வந்தது. கால்கள் கழற்றக்கூடியவை என்பதால் வாசலில் சண்டை இல்லை. அம்மா இருந்து பார்த்தார், கைப்பிடியைப் பிடித்தார், எழும்பினார். யாரும் தூக்கவில்லை. ஆனால் பாஸ் சுற்றி அனுப்பிய பொலித்தீனை நான் உரிக்கப் போனபோது, "கைய வைக்காத" என்றார்.

"அதை எடுத்தாத்தான் வசதியா இருக்கலாம் அம்மா."

"மழைக்கு மரத்துக்கே பொலித்தீன் கட்டுனோம். இது நூத்திநாலு பேரு."

அவர் சொன்னது சரிதான். மாரி காலத்தில் வெட்டுக் கோட்டுக்கு மேலே இறப்பர் மரங்கள் இடுப்பில் பொலித்தீன் பாவாடை கட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. பட்டையில் மழைத்தண்ணீர் வழிந்தால் பால் வெட்ட முடியாது. இன்னொரு சங்கடம், பொலித்தீன் என்னுடைய கொள்கைக்கு ஆதரவாகவே நடந்துகொண்டது. அதன்மேல் இருப்பவர் தன்னையறியாமல் முன்னால் வழுக்கிக்கொண்டே வருகிறார். விளிம்புக்கு வரும்போது பாதம் ஊன்றியாயிற்று, கை பிடித்தாயிற்று, எழும்பியாயிற்று. வந்த விருந்தாளிகளும் தேத்தண்ணி முடியுமுன் எழும்பிவிடுகிறார்கள்.

மனைவிக்குச் சம்மதமில்லை. உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்கிறாள். பாஸுக்குப் போன் போட்டேன். "பின்பக்கம் மட்டும் வெட்டி விடுங்க சேர், காத்து போகும். அம்மா அந்தப் பக்கம் பாக்க மாட்டாங்க" என்றார். சோபா சுவரோடு ஒட்டி நிற்கிறது, இழுக்க ஆள் வேண்டும். மச்சானுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை வரட்டும்.