உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்!

கே: தாத்தா பெட்டியில் வெள்ளைக்காரர் காலத்துச் சிவப்புக் கோட்டு ஒன்று கிடைத்தது. நிரந்தர ராணுவமா, வாலண்டியர் படையா? எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி)

ப: ஜரிகையைப் பாருங்கள். விக்டோரியா காலத்தில் பொதுவாக நிரந்தரப் படை அதிகாரிக்குத் தங்க ஜரிகை. வாலண்டியருக்கு வெள்ளி ஜரிகை, வெள்ளை உலோகப் பொத்தான். சம்பளக்காரருக்குத் தங்கம், சும்மா வந்தவருக்கு வெள்ளி! விதிவிலக்குகள் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

கே: யார் இந்த வாலண்டியர்கள்? (மதுரை)

ப: கம்பெனி குமாஸ்தா, வக்கீல், தோட்டத் துரை, ரயில்வே கார்டு. வாரம் முழுக்க வேலை, ஓய்வு நேரத்தில் கவாத்து. சென்னை வாலண்டியர் கார்ட்ஸ் படை 1857 கலகத்தின் பீதியில் பிறந்தது. பல ரயில்வேக்களில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் படையில் சேருவது வேலை நிபந்தனையாகவே இருந்தது. கொடி பிடிக்க வந்தாயா, துப்பாக்கியையும் பிடி!

கே: என்னிடம் இருக்கும் சட்டையில் பொத்தானெல்லாம் கறுப்பு. துருவா? (சேலம்)

ப: ரைஃபிள் படை. கரும்பச்சைச் சட்டை, கறுப்புப் பொத்தான், கறுப்புத் தோல் வார். எலுமிச்சம்பழத்தைக் கீழே வையுங்கள்.

கே: ஹெல்மெட் உச்சியில் கூர்முனைக்குப் பதில் உருண்டை இருக்கிறது. வியாபாரி ஏமாற்றிவிட்டாரா? (கோவை)

ப: பீரங்கிப் படைக்கு உருண்டைதான். வியாபாரியிடம் மன்னிப்புக் கேளுங்கள், விலையைக் குறைத்துக்கொண்டு.

கே: வருஷத்தைக் கண்டுபிடிக்கச் சுலப வழி? (வேலூர்)

ப: பொத்தானில் இருக்கும் கிரீடம். வளைவுகள் நடுவில் அமுங்கியிருந்தால் விக்டோரியா, அதாவது 1901 வரை. குமிழாக மேலெழும்பியிருந்தால் அதற்குப் பிறகு 1952 வரை ஆண்ட அரசர்கள். தோள்பட்டைப் பித்தளையில் 'ஏ.எஃப்.ஐ.' என்று ஆங்கில எழுத்து இருந்தால் 1920-க்குப் பிந்தியது. அந்த வருடம்தான் 'ஆக்ஸிலரி ஃபோர்ஸ், இந்தியா' என்ற துணைப்படை வந்தது. ஆனால் பழைய பொத்தானை எடுத்துப் புதுக் கோட்டில் தைப்பது அன்றும் உண்டு. பொத்தானுக்கு ஒரு வயது, துணிக்கு இன்னொரு வயது. இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள்.

கே: ஐயா, கோட்டு வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? (புதுச்சேரி)

ப: வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். அதிகாரிகள் சொந்தக் காசில் தனியார் தையற்காரரிடம் தைத்துக்கொண்டார்கள். உள்பையின் விளிம்பில் அந்தக் கடையின் சீட்டு இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதில் மசியால் எழுதிய பெயரும் தேதியும் இருக்கும். மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். பெயர் கிடைத்தால் அந்தக் கால 'இந்தியன் ஆர்மி லிஸ்ட்' தொகுதிகளைப் புரட்டலாம்; வாலண்டியர் அதிகாரிகளும் அதில் உண்டு.

பிறகு இடுப்புத் தையல். பிரித்து அகலமாக்கிய தடம், பழைய ஊசித் துளைகளின் வரிசை தெரிகிறதா? துரைக்குப் பதவியோடு தொப்பையும் உயர்ந்திருக்கிறது. ஒரு மனிதர் வருடக்கணக்கில் உடுத்திய கோட்டு அது. எனக்குப் பளபளக்கும் புதுசை விட இதுதான் பெரிது.

கே: அப்படியானால் விலை? (ஈரோடு)

ப: பெயர்ச்சீட்டு இருந்தால் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். இல்லையென்றால் பேரத்தை நிறுத்தாதீர்கள்.

கே: போலியைப் பிடிப்பது எப்படி? (தஞ்சாவூர்)

ப: ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை நூல்மேல் அடியுங்கள். பளீரென்று நீலமாக மின்னினால் சந்தேகப்படுங்கள். அப்படி மின்னவைக்கும் வெளுப்பு ரசாயனம் துணிக்குள் பரவலாக வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். ஆனால் இன்றைய சோப்புத்தூளில் துவைத்த அசலும் மின்னித் தொலைக்கும். ஆகவே சோப்பு எளிதில் எட்டாத உள்தையலில் அடித்துப் பாருங்கள்.

கே: பொத்தானைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா? (நாகர்கோவில்)

ப: முலாம் போகும், விலையும் போகும். வேறென்ன தேய்க்க ஆசை?

கே: அந்துப்பூச்சித் தொல்லை தாங்கவில்லை! (ஊட்டி)

ப: கோட்டைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க இறங்கட்டும், இல்லையென்றால் துணி வேர்த்துவிடும். பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் யாராவது மீன் பொட்டலம் என்று அரிவாள்மனையை எடுக்கப் போகிறார்கள்.

கே: இந்த வாலண்டியர் படைகளில் இந்தியருக்கு இடம் இருந்ததா? (சென்னை)

ப: கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1880-களில் படித்த இந்தியர்கள் வாலண்டியராகச் சேர மனுப் போட்டார்கள். 1886 கல்கத்தா காங்கிரஸிலும், அடுத்த வருடம் சென்னை காங்கிரஸிலும் தீர்மானம் போட்டார்கள். அரசு அசையவில்லை. 1920-ல் இந்தியருக்கென்று தனியாக 'டெரிடோரியல் ஃபோர்ஸ்' வந்தது. வாலண்டியர் கோட்டுக்கு அளவெடுக்கும் முன் தோலின் நிறத்தை அளந்தார்கள். சேகரிப்பவர் இதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

கே: காந்தி ராணுவ உடை போட்டாராமே, கட்டுக்கதைதானே? (திருநெல்வேலி)

ப: நிஜம். 1906, தென்னாப்பிரிக்காவின் நேட்டால், ஜூலு எழுச்சி. தற்காலிக சார்ஜெண்ட் மேஜர் பதவி, அரசு கொடுத்த சீருடை, சில வாரம் தூக்குப்படுக்கை சுமந்த வேலை. அதற்கு முன் 1899 போயர் போரில் அவர் திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர்; பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர் ஏராளம். 'காந்தி படைச் சட்டை' என்று சந்தையில் யாராவது நீட்டினால் பர்ஸைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: இலங்கைப் படைகளில் எதைத் தேடலாம்? (யாழ்ப்பாணம்)

ப: பலரும் தேடுவது சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர். தேயிலைத் தோட்டத் துரைமார் படை. 1915-ல் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் நின்றார்கள்.

நான் தேடுவது கொழும்பு டவுன் கார்ட். அதில் கேப்டனாக இருந்தவர் ஹென்றி பெட்ரிஸ், இளம் சிங்களவர். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ராணுவச் சட்டத்தின் கீழ் ஜூலை 7 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டதும் அவர் சீருடை போட்டுச் சேவித்த அதே அரசு. அந்த அநியாயங்களுக்கு எதிராகக் கப்பலேறி லண்டன் போய் வாதாடியவர் தமிழர் பொன்னம்பலம் இராமநாதன். அந்தப் படையின் ஒரு பொத்தான் கிடைத்தாலும் கதையோடு சேர்த்து வையுங்கள்.

கே: லண்டன் நண்பர் என் 1890-ஆம் வருடக் கோட்டுக்கு நல்ல விலை தருகிறார். அனுப்பிவிடட்டுமா? (சென்னை)

ப: 100 வயது தாண்டிய சரித்திரப் பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கூரியர்காரருக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள். நண்பர் வேண்டுமானால் விமானமேறி வரட்டும். அப்படியே சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலச் சீருடைகளையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

கே: பள்ளி நாடகத்துக்கு என் கோட்டை இரவல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (கும்பகோணம்)

ப: கூடவே கூடாது. நூறு வருடக் கம்பளி அது. பையன் கையை ஓங்கி வசனம் பேசினால் கக்கம் கிழியும். வாடகைக் கடைத் துரை உடை போதும். பொத்தானில் எந்தக் கிரீடம் என்று மேடையில் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்வரிசையில் உட்கார்ந்தால் நான் பார்ப்பேன்.