லைஃபர் சார்

மார்கழி ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகளில் ஒன்று நிச்சயம் அவருடையது. பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது பையன் அல்ல, 600 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கறுப்புப் பெட்டி. எடை மூன்று கிலோ, விலை பத்து லட்சத்துக்கு மேல். பையன் டிரைபாடுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் நடுவே சுருண்டு தூங்குகிறான். அவன் இன்ஷூர் செய்யப்படவில்லை. லென்ஸ் செய்யப்பட்டிருக்கிறது.

வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கும் பறவையை இந்தக் கூட்டம் ‘லைஃபர்’ என்கிறது. அதனால் இவரை லைஃபர் சார் என்றே வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனி மேலாளராக இருக்கலாம், பல் மருத்துவராக இருக்கலாம், வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். உடை மட்டும் மாறாது: ராணுவத்தில் சேராதவர்கள் மட்டுமே இத்தனை ஆசையாகப் போட்டுக்கொள்ளும் ராணுவப் பச்சை. லென்ஸுக்கும் அதே துணியில் சட்டை உண்டு. காலில் போட்டிருப்பது மட்டும் பளீரென்ற ஆரஞ்சு ஷூ.

படாளம் கூட்ரோட்டில் டீ. அங்கே இன்னும் நான்கைந்து லைஃபர் சார்கள் நிற்பார்கள். ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தில் தொங்குவதைத்தான் பார்ப்பார்கள். “ஓ, ஜூம் லென்ஸா சார்? ஆரம்பத்துக்கு அது போதும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். லட்ச ரூபாய் லென்ஸ்காரர் டீயைப் பாதியில் வைத்துவிடுவார்.

வேடந்தாங்கல் ஏரி ஒன்றும் கடல் அல்ல. சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பறவைகள்: நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, கூழைக்கடா. கரைமேல் நடந்தாலே போதும், வெறுங்கண்ணுக்கே தெரியும். லைஃபர் சாருக்கு இதில் சுவாரசியம் இல்லை. “எல்லாம் காமன்” என்று ஒரே வார்த்தையில் பல்லாயிரம் பறவைகளைத் தள்ளிவிடுவார். போன வாரம் யாரோ படம் போட்ட ஒரே ஒரு பருந்துக்காக வந்திருக்கிறார். அந்தப் பருந்து போன வாரமே கிளம்பிப் போயிருக்கும்.

பருந்து வரும்வரை கை சும்மா இருக்குமா? எதிர்க்கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைக் குறிவைக்கிறார். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா அது. இருபது நொடியில் ஒரே கிளை, ஒரே காகம், ஒரே போஸ், 400 படம். உடனே குனிந்து, திரையைப் பெரிதாக்கி, கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பத்தடியில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பாம்புத்தாராவின் கழுத்து மட்டும் எழும்புகிறது. ஊசி அலகில் கெண்டை குத்தி நிற்கிறது. தலையை வெடுக்கென்று உதறி மீனை மேலே வீசி, தலை முன்னால் வரும்படி வாயில் பிடித்து, விழுங்குகிறது. மெலிந்த கழுத்தில் மீன் இறங்கும் புடைப்புகூடத் தெரிகிறது.

“அப்பா! மீன்!” என்றான் பையன்.

“இருடா, ஷார்ப்னஸ் பாத்துக்கிட்டிருக்கேன்.”

கரையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் சொன்னார்: “முழுங்கிருச்சு சார்.”

அந்தப் பெரியவரின் ஊர்க்காரர்களால்தான் இந்த ஏரியில் இன்று பறவையே இருக்கிறது. 1790களில் துரைமார்கள் இங்கே நாரை சுட வந்தபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரணாலயம் என்ற அறிவிப்பு 1936இல்தான் வந்தது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ஏறின. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்ற பெயர் இன்றும் இதற்கு உண்டு.

இதே பிளேஸ் துரைதான் மதுராந்தகம் ஏரி உடையவிருந்த மழை இரவில், கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்கக் கண்டவர் என்பது ஏரிகாத்த ராமர் கோயிலின் கதை. இன்றைக்கு அவர் அதை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தால், லைஃபர் சாரின் முதல் கேள்வி: “ரெக்கார்ட் ஷாட் இருக்கா சார்?”

கருவியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் விட முடியாது. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். வெவ்வேறு உதிரி பாகங்களைக் கோத்துத் தானே ஒரு பூதாகரமான கேமராவைக் கட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று தானே கேலிப்பெயரும் வைத்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. தன் கருவியைத் தானே கிண்டல் செய்யும் அந்தக் குணம் லென்ஸ் பெட்டியில் இலவசமாக வருவதில்லை.

லைஃபர் சாரை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பவர்களையும், போனில் பறவைக் குரல் போட்டு ஏமாற்றி வரவழைப்பவர்களையும் திட்டத்தான் வேண்டும். ஆனால் 2015 முதல் நடக்கும் பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பில், கரும்பு கடிக்க வேண்டிய காலையில் ஏரிக்கரையில் நின்று, காக்கை மைனா உட்பட எண்ணி, ஈபேர்ட் தளத்தில் ஏற்றுவது இந்த ஆட்கள்தான். அன்றைக்கு மட்டும் ‘காமன்’ பறவைக்கும் மதிப்பு உண்டு.

மதியம் மாமல்லபுரம் கூட்டிப்போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அர்ச்சுனன் தபசுப் பாறையில், எலிகள் சூழ, கையைத் தூக்கிப் பொய்த்தவம் செய்கிற பூனையை மனைவி காட்டினார். “இது யார்னு தெரியுதா?” லைஃபர் சாருக்குக் கிண்டல் உறைக்கவில்லை. “லோ ஆங்கிள்ல எடுத்தா நல்லா வரும்” என்றார்.

சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்ததுமே போன் அதிர்ந்தது. கேளம்பாக்கம் உப்பங்கழியில் பூநாரை இறங்கியிருக்கிறதாம்.

“பூநாரைதான் போன வருஷமே பாத்தாச்சே?” என்றார் மனைவி.

“பாத்தாச்சு. ஆனா ஈவ்னிங் லைட்ல எடுக்கலையே.”

வறுத்த மீன் பார்சல் ஆனது. “அப்பா, இது என்ன மீன்?” என்று பையன் கேட்டான். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“காமனாத்தான் இருக்கும். ஏறு வண்டியில.”