லேக் மார்க்கெட்டில் மீதி: முழு எண் வகுத்தல் குறித்த முன்னோடி ஆய்வு

கட்டளை வரிக் கணிப்பான் என்பது யாதெனில், கறுப்புத் திரையில் ‘7 + 2’ என்று தட்டினால் ‘9’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் நிரல். பொத்தான் கிடையாது, படம் கிடையாது, நம் கணிப்பானில் தசமப் புள்ளியும் கிடையாது. வரியை வாங்கி, எண்ணையும் குறியையும் பிரித்து, விடையை அச்சிட வேண்டும். கல்லூரிப் பையன் ஒரே மாலையில் எழுதிவிடுவான். ஆகவேதான் இதற்கு ஆய்வு அவசியமாகிறது.

வரலாற்றுப் பின்புலம்: இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான ஹெச்.இ.சி.-2எம் 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. 1907இல் சி. வி. ராமன் கணக்குத் துறை அதிகாரியாக இதே ஊரில் வந்திறங்கினார். இரண்டுக்கும் நம் பொருளுக்கும் தொடர்பில்லை. எனவே தவறாமல் சேர்த்தாயிற்று.

கூட்டல்: தெளிவு. கழித்தல்: பேரம் என்றும் வழங்கும். பெருக்கல்: யூனிக்ஸின் ‘எக்ஸ்பர்’ கட்டளையில் நட்சத்திரக் குறியை மொட்டையாக இட்டால், கட்டளையை முதலில் படிக்கும் ஷெல் அதைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். மேற்கோள் குறிக்குள் அடைக்கவும்.

வகுத்தலில்தான் வம்பு. ஏழு முருங்கைக்காயை இரண்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மூன்று, மீதி ஒன்று (ஆதாரம்: எடைக்கல், அடிப்பக்கம்). 320இல் ஒரு பங்குக்கும் முந்திரி என்று பெயர் வைத்த இனம் இதை எப்படிப் பொறுக்கும்? கல்கத்தாவின் லேக் மார்க்கெட் கடைக்காரரோ மீதியை ஒரே வாக்கியத்தில் ஒழிக்கிறார்: “ஏழு எதுக்கு மாமி, எட்டா எடுத்துக்குங்களேன்.” வகுபடும் எண்ணையே மாற்றும் இந்த உத்தி எந்தப் பாடநூலிலும் இல்லை (காபித்தூள் பொட்டலம், உள்மடிப்பு, கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, கறை இடைச்செருகல் என்பாரும் உளர்).

அடுத்து, கடன். இருவர் சேர்ந்து ஏழு ரூபாய் பாக்கி. அதாவது கழித்தல் ஏழு, வகுத்தல் இரண்டு. சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரப்படி விடை கழித்தல் மூன்று, மீதி கழித்தல் ஒன்று. ஆளுக்கு மூன்று கட்டினால் போதும். ஒரு ரூபாய் கடைக்காரர் தலையில். பைத்தானில் இரட்டைச் சாய்கோடு இட்டால் விடை கழித்தல் நான்கு, மீதி கூட்டல் ஒன்று. ஆளுக்கு நான்கு வசூலித்துவிட்டு, அந்த ஒன்றைக் கறிவேப்பிலைக் கொசுறாகத் திருப்பித் தரலாம். லேக் மார்க்கெட் பைத்தான் மரபைச் சேர்ந்தது என்பது இதனால் ஐயமற நிறுவப்படுகிறது (முருங்கைக்கட்டில் கண்டெடுத்த ஈரச் சீட்டு, முன்பாதி மட்டும், பின்பாதியைத் தின்ற மாடு நேர்காணலுக்கு இணங்கவில்லை, சான்றின் மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வதே நம் துறை மரபு).

சுழியால் வகுத்தல் தனி ஆய்வு. கணிப்பான் எழுதுவோர் அதை முன்கூட்டியே தடுத்து, ஒரு பிழைச்செய்தி காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. ஐந்தாண்டும் நல்கையும் வேண்டும். நல்கை தர விரும்பும் வாசகர்கள் முழு ரூபாயாகவே தரவும். சில்லறையை நிரல் ஏற்காது.